ஆட்டுக்குத் தொற்றாத அம்மை

2022ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சங்கத்து அன்பர் இருவருடன் ஹார்பர் லைன் வண்டியில் சென்று கோவண்டி நிலையத்தில் இறங்கினோம். நாம் அங்குச் சென்ற காரணம் மகிழ்ச்சி தருவதன்று. அக்டோபர் மாதக் கடைசி வாரத்தில் கோவண்டியைச் சேர்ந்த ரஃபி நகரில் ஒரே குடும்பத்தின் மூன்று குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த செய்தி பத்திரிகைகளில் வெளியாகியிருந்தது. அம்மை நோயே காரணம் எனச் சந்தேகித்த நகராட்சிச் சுகாதார இலாகாவினர், வீடு வீடாகச் சென்று பார்க்கத் தொடங்கினர். சில வாரங்களில் மத்திய சர்க்காரின் குழு ஒன்று டில்லியிலிருந்து வந்தது. சின்ச்போக்லியிலுள்ள கஸ்தூர்பா மருத்துவமனையில் அம்மைக் குழந்தைகளுக்கென வார்டுகள் ஒதுக்கப்பட்டன. அந்தப் பகுதியில் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களில் எத்தனை குழந்தைகளுக்கு ஊசி போடாமல் விடுபட்டிருக்கிறது என்று விசாரித்து, இயன்ற உதவியைச் செய்து வருவோம் என்பதே நமது எண்ணம்.

சிவாஜி நகரைக் கடந்து ஒரு குறுகிய சந்துக்குள் நுழைந்தோம். ஒரு வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்துச் செருகியிருந்தது. அதற்கடுத்த வீட்டுத் திண்ணையில் வேலூர்ப் பக்கத்து மூதாட்டி ஒருவர், ஒன்றே முக்கால் வயதுள்ள பேரனை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். நாம் தமிழில் பேசக் கேட்டதும் முகம் மலர்ந்து உட்காரச் சொன்னார். பேச்சு அம்மையைப் பற்றித் திரும்பியது. அப்போது அவர் நம்மைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

“ஏன் தம்பி, தேவனார் ஆட்டுத்தொட்டிக்கு இத்தனை ஆடு வந்து இறங்குதே, அதுங்க மூச்சிலேருந்துதானே பிள்ளைங்களுக்கு இந்த மணல்வாரி வருது? எங்க ஊரிலே ஆட்டுக்கு இப்படித்தான் காய்ச்சல் வந்து, கண்ணிலேயும் மூக்கிலேயும் ஒழுகி, கூட்டமா செத்துப்போச்சு.”

உடன் வந்த அன்பர் ஒருவர் புன்னகை செய்தார். நமக்கோ சிரிப்பு வரவில்லை. தேவனார் ஆட்டிறைச்சிக் கூடம் 1971ஆம் ஆண்டு முதல் அப்பகுதியில் இயங்கி வருவது. பக்ரீத் நாட்களில் ராஜஸ்தானிலிருந்தும் குஜராத்திலிருந்தும் மத்தியப் பிரதேசத்திலிருந்தும் லட்சத்துக்கு மேற்பட்ட ஆடுகள் அங்கு வந்து சேர்கின்றன. கண்ணெதிரில் அவ்வளவு ஆடுகளைக் காண்பவர் மனத்தில் இத்தகைய ஐயம் எழுவது இயல்பே. “இல்லை அம்மா, ஆட்டிடமிருந்து வராது” என்று அப்போது சொல்லிவிட்டோம். ஏன் வராது என்று அவர் திருப்பிக் கேட்டிருந்தால் நம்மிடம் சரியான விடை இருந்திராது. வீடு திரும்பிய பின் நூல்களைப் புரட்டியும், விஷயம் அறிந்த மருத்துவர்களையும் கால்நடை மருத்துவர்களையும் அணுகியும் தெரிந்துகொண்டதை நேயர்கள் முன் வைக்கிறோம். அம்மூதாட்டியின் கேள்வி நாம் எண்ணியதைக் காட்டிலும் ஆழமானது என்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

தட்டம்மை என்றும் மணல்வாரி என்றும் நாம் கூறும் இந்நோயை மராத்தியர் ‘கோவர்’ என்பர். இந்தி பேசுவோர் ‘கஸ்ரா’ என்பர். கோவண்டிக்கும் கோவருக்கும் பெயரில் ஒலியொற்றுமை இருப்பது தற்செயலே. ஆயினும் அந்த ஆண்டு அவ்விரு சொற்களும் பத்திரிகைத் தலைப்புகளில் இணைபிரியாமல் நின்றன. பெரியம்மை, சின்னம்மை, மணல்வாரி ஆகிய அனைத்தையும் ‘அம்மை’ என்ற ஒரே பெயரால் அழைப்பது நம் வழக்கம். ஆனால் இவை வெவ்வேறு கிருமிகளால் உண்டாகும் வெவ்வேறு நோய்கள். மணல்வாரிக் கிருமி ‘வைரஸ்’ இனத்தைச் சேர்ந்தது. வைரஸ் என்பது தானாக உண்ணவோ வளரவோ இனம் பெருக்கவோ இயலாத ஒரு சிறு பொட்டலம். உள்ளே ஒரு மரபுச் செய்தி, மேலே ஓர் உறை, அவ்வளவுதான். ஏதேனும் ஓர் உயிரணுவுக்குள் புகுந்தால்தான் அதற்கு வாழ்வு உண்டு. புகமுடியாவிட்டால் அது தூசிக்கு நிகர்.

எப்படிப் புகுகிறது என்பதிலேதான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

நம் உடலிலுள்ள ஒவ்வோர் உயிரணுவின் மேற்புறத்திலும் பலவகைப் புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றுள் சிலவற்றை விஞ்ஞானிகள் ‘ஏற்பி’ எனக் குறிக்கின்றனர். வைரஸின் உறை மீதும் புரத முட்கள் உண்டு. வைரஸின் முள்ளும் உயிரணுவின் ஏற்பியும் சாவியும் பூட்டும் போல் பொருந்தினால் கதவு திறக்கும். பொருந்தாவிடில் எத்தனை கோடிக் கிருமிகள் வந்து மோதினும் திறவாது. இவ்வுவமையை எல்லாரும் சொல்கின்றனர், நாமும் சொல்கிறோம். ஆயினும் அதில் ஒரு குறை உண்டு. எந்த உயிரணுவும் கிருமி வந்து திறக்கட்டும் என்று பூட்டு மாட்டிக்கொண்டு காத்திருக்கவில்லை. ஏற்பிகள் உடலின் சொந்த வேலைக்காக ஏற்பட்டவை. வீட்டுக்காரர் கை துடைக்கக் கொடியில் போட்டிருந்த துண்டைப் பிடித்துக்கொண்டு திருடன் மாடியேறுவது போன்ற செயலே வைரஸின் செயல்.

மணல்வாரி வைரஸின் முள்ளுக்கு ‘ஹீமக்ளுட்டினின்’ என்று பெயர். அது பற்றிக்கொள்ளும் ஏற்பிகளுள் முதன்மையானது ‘ஸ்லாம்’ என்னும் புரதம் என்பதை 2000ஆம் ஆண்டில் ஜப்பானிய விஞ்ஞானி யானகியும் அவருடைய கூட்டாளிகளும் கண்டறிந்தனர். இந்த ஸ்லாம் எங்கே இருக்கிறது என்பதைக் கேட்டால் நேயர்கள் வியப்புறுவர். அது தோலில் இல்லை. மூக்கின் உட்சவ்விலும் இல்லை. நம்மை நோய்களிலிருந்து காக்கும் காவற்படையாகிய வெள்ளணுக்களின் மேல் இருக்கிறது. அவ்வணுக்கள் ஒன்றோடொன்று கைகுலுக்கிச் செய்தி பரிமாறிக்கொள்வதற்கு உதவுவது அது. காவற்காரர் தமக்குள் அடையாளம் கண்டுகொள்ள நீட்டும் கையையே மணல்வாரி பற்றிக்கொள்கிறது!

நோயாளி இருமும்போது காற்றில் கலக்கும் நுண்துளிகளைப் பிறர் மூச்சோடு உள்ளிழுக்கின்றனர். நுரையீரலில் காவல் புரியும் அணுக்கள், வந்தது பகைவன் என்று கருதி விழுங்க முற்படுகின்றன. அவற்றின் மேலுள்ள ஸ்லாமைப் பற்றி வைரஸ் உள்ளே நுழைந்துவிடுகிறது. பகைவனைச் சிறைப்பிடித்ததாக எண்ணிய காவலர், அவனைத் தாமே தூக்கிக்கொண்டு அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களாகிய பாசறைக்குச் செல்கின்றனர். அங்கே ஸ்லாம் தாங்கிய அணுக்கள் கூட்டம் கூட்டமாக உள்ளன. வைரஸ் அங்குப் பல்கிப் பெருகி, இரத்தத்தின் வழியே உடலெங்கும் பரவுகிறது. காய்ச்சலும் சிவந்த கண்ணும் இருமலும் தோன்றி, பின்னர் முகத்தில் தொடங்கி மணலை வாரித் தூவியதுபோல் தடிப்புகள் இறங்குவதற்குள், கிருமி புகுந்து ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகியிருக்கும்.

இனி வெளியேறுவதற்கு வழி வேண்டுமே! அதற்கு மற்றொரு ஏற்பி உண்டு. ‘நெக்டின்-4’ எனப்படும் அதன் பங்கு 2011ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. மூச்சுக் குழாயின் உட்பூச்சாக அமைந்த அணுக்களை ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்தும் பசை போன்ற புரதம் அது. காற்றுப்படும் பக்கத்தில் அது இல்லை, உட்புறத்திலேயே உள்ளது. ஆகையால் மணல்வாரி மூச்சுக் குழாய்க்குள் வெளியிலிருந்து நுழைவதில்லை. உடம்பின் உள்ளேயிருந்து வந்து அதைத் தொற்றி, மறுபக்கமாகக் காற்றுக்குள் கொட்டப்படுகிறது. ஒரு கதவால் நுழைந்து, வீடு முழுவதும் சூறையாடி, வேறொரு கதவால் தெருவுக்கு இறங்கும் அமைப்பு இது. அக்கதவு இருமல் புறப்படும் இடத்திலேயே அமைந்திருப்பதனால்தான் இந்நோய் இவ்வளவு வேகமாகப் பரவுகிறது. நோய்த்தடுப்பு ஆற்றல் இல்லாத மக்களிடையே ஒரு நோயாளியிடமிருந்து 12 முதல் 18 பேர் வரை தொற்றக்கூடும் என்பது நெடுநாளாகக் கூறப்படும் கணக்கு. நோயாளி எழுந்து சென்ற அறையின் காற்றில் இரண்டு மணி நேரம் வரை இக்கிருமி உயிர்ப்புடன் இருக்கும். பத்தடிக்குப் பத்தடி அறையில் எட்டுப்பேர் உறங்கும் கோவண்டியின் சந்துகளில் இதன் பொருள் என்ன என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. தடிப்புத் தோன்றுவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே நோய் பரவத் தொடங்கிவிடுவதனால், வேப்பிலை செருகும் நாளில் அண்டை வீட்டுக் குழந்தைக்கு ஏற்கெனவே தொற்றியிருக்கவும் கூடும்.

காவலரையே தாக்கும் நோயாதலின் இதன் கொடுமை தடிப்பு மறைந்த பின்னும் நீடிக்கிறது. முன்பு வந்த நோய்களை நினைவில் வைத்திருந்து மறுபடி வந்தால் விரைந்து எதிர்க்கும் ‘நினைவு அணுக்கள்’ நம் உடலில் உண்டு. அவற்றின் மேல் ஸ்லாம் மிகுதி. மணல்வாரி அவற்றை அழித்துவிடுகிறது. நெதர்லாந்து தேசத்தில் ஊசி போட்டுக்கொள்ளாத 77 குழந்தைகளின் இரத்தத்தை, மணல்வாரி வருமுன்னும் வந்த பின்னும் ஆராய்ந்த முடிவு 2019ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பிற கிருமிகளுக்கு எதிராக அக்குழந்தைகள் சேர்த்து வைத்திருந்த எதிர்ப்புப் பொருள்களில் 11 முதல் 73 விழுக்காடு வரை மறைந்துபோயிருந்தன. பள்ளிக்கூடத்தில் ஐந்தாண்டு படித்த பாடத்தை ஒரு வாரக் காய்ச்சலில் மறந்துவிட்ட பிள்ளையின் நிலை அது. மணல்வாரியால் இறக்கும் குழந்தைகளுட் பெரும்பாலோர் அதன் தடிப்பினால் இறப்பதில்லை; பின்தொடரும் நிமோனியாவாலும் வயிற்றுப்போக்காலும் இறக்கின்றனர். ஏற்கெனவே போஷாக்கில்லாத குழந்தைக்கு ஆபத்து மேலும் அதிகம். இதனாலேயே நோயுற்ற குழந்தைகளுக்கு ‘ஏ’ வைட்டமின் கொடுக்கின்றனர். அது உயிரையும் கண்ணையும் ஒருங்கே காக்கிறது.

இப்பொழுது ஆட்டுக்கு வருவோம்.

அந்த மூதாட்டி தம் ஊரில் கண்டதாகச் சொன்ன ஆட்டு நோய் கற்பனையன்று. அதற்கு ‘ஆட்டுக்கொல்லி நோய்’ என்று பெயர். ஆப்பிரிக்காவில் நெடுங்காலமாக அறியப்பட்டிருந்த அந்நோய் இந்தியாவில் முதன்முதல் கண்டறியப்பட்டது எங்கே தெரியுமா? 1987ஆம் ஆண்டில், நம் தமிழ்நாட்டில், அந்நாளில் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்த அரசூர் என்னும் சிற்றூரில்! காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் ஒழுக்கு, வாய்ப்புண், கழிச்சல், நிமோனியா என்று மணல்வாரியின் சாயல் அதில் அப்படியே காணப்படும். காரணம் எளிது. இரண்டு கிருமிகளும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. அந்தக் குலத்தில் இன்னும் இரண்டு உறவினரை நேயர்கள் அறிதல் வேண்டும். ஒன்று, நம் பாட்டன்மார் ‘வெக்கை நோய்’ என்று அஞ்சிய மாட்டுப் பெருநோய். மற்றொன்று நாய்களைக் கொல்லும் ‘டிஸ்டெம்பர்’. நால்வரும் ஸ்லாம் என்னும் பூட்டையே நாடுபவர்கள்.

அப்படியாயின் ஆட்டுக் கிருமி நம்மைத் தொற்றாதது ஏன்? ஸ்லாம் என்னும் புரதம் மனிதனுக்கும் உண்டு, ஆட்டுக்கும் உண்டு, மாட்டுக்கும் நாய்க்கும் உண்டு. ஆனால் அதன் நுனி ஒன்றுபோல் இருப்பதில்லை. புரதம் என்பது அமினோ அமிலங்கள் மணிபோல் கோக்கப்பட்ட மாலை. முள் வந்து பொருந்தும் இடத்தில் ஆட்டின் மாலையில் உள்ள சில மணிகள் மனிதனின் மாலையில் வேறாக இருக்கின்றன. ஒரே கம்பெனி செய்த பூட்டுகளாயினும் என் வீட்டுச் சாவி உங்கள் வீட்டைத் திறப்பதில்லை அன்றோ? மணல்வாரியின் முள் மனிதனின் ஸ்லாமுக்கென அமைந்தது. குரங்குகளின் ஸ்லாம் நம்முடையதை ஒத்திருப்பதால், அடைத்து வைக்கப்பட்ட குரங்குகளுக்கு மனிதரிடமிருந்து மணல்வாரி தொற்றியதுண்டு. எலிக்குத் தொற்றாது. ஆராய்ச்சிக்காக எலிக்கு மணல்வாரி வரவழைக்க விரும்பிய விஞ்ஞானிகள், மனித ஸ்லாமை உடைய எலிகளையே தனியாக உருவாக்க வேண்டியதாயிற்று.

கதவு திறந்தால் மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உள்ளே நுழைந்த பின்னும் அந்தந்த இனத்து உயிரணுவின் உள்காவலை ஏய்க்கும் திறன் கிருமிக்கு இருத்தல் வேண்டும். இருப்பினும் முதல் தடை வாசற்பூட்டே.

பூட்டுகளின் அமைப்பு நெருங்கியிருந்தால் விபரீதம் நேரும். குஜராத்தில் கிர் வனத்தில் 2018ஆம் ஆண்டு செப்டம்பரில் இருபதுக்கு மேற்பட்ட சிங்கங்கள் சில வாரங்களில் மாண்டன. நாயைக் கொல்லும் டிஸ்டெம்பர் வைரஸ் அவற்றுட் பலவற்றில் இருந்ததைப் பூனாவிலுள்ள தேசிய வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தார் கண்டறிந்தனர். நாய்க்கும் சிங்கத்துக்கும் உருவில் ஒற்றுமை இல்லாவிட்டாலும் அக்கிருமிக்குத் திறக்கக்கூடிய பூட்டு இருவரிடமும் இருந்தது. இதனினும் அச்சம் தருவது மலேயாவிலும் கேரளத்திலும் கண்ட நிபா வைரஸ். அது பற்றிக்கொள்ளும் ‘எஃப்ரின் பி2’ என்னும் புரதம், பாலூட்டிகள் அனைத்திலும் ஏறத்தாழ மாறாமல் இருப்பது. ஆகவே பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிலிருந்து மனிதனுக்கும் 1998-99இல் மலேசியாவில் அது தாவிற்று. எல்லாக் கதவுக்கும் ஒரே சாவி கிடைத்த திருடனின் கதை அது. நல்லவேளையாக, நிபாவுக்கு மணல்வாரியைப்போல் காற்றில் பரவும் வல்லமை இல்லை.

மணல்வாரியும் ஆதியில் நமக்குரியதன்று. மாட்டின் வெக்கை நோய்க் கிருமியும் மணல்வாரிக் கிருமியும் ஒரே மூதாதையின் வழித்தோன்றல்கள். ஜெர்மனியில் பெர்லின் நகரத்தில் 1912ஆம் ஆண்டு மணல்வாரியால் இறந்த ஒரு குழந்தையின் நுரையீரலைப் பதப்படுத்தி வைத்திருந்தனர். அதிலிருந்து கிருமியின் மரபுச் செய்தியைப் படித்து 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியாளர்கள், இரு கிருமிகளும் பிரிந்தது கி.மு. 6ஆம் நூற்றாண்டை ஒட்டியிருக்கலாம் எனக் கணித்தனர். மாட்டைக் கட்டி வாழ்ந்த மனிதன் அக்காலத்தில்தான் பெருநகரங்களை எழுப்பிக்கொண்டிருந்தான். நகரம் ஏன் வேண்டும்? மணல்வாரி ஒருமுறை வந்தவருக்கு மறுமுறை வருவதில்லை. ஆகையால் புதிதாகப் பிறக்கும் குழந்தைகள் இடைவிடாமல் கிடைத்தால்தான் அக்கிருமி அற்றுப்போகாமல் நீடிக்கும். அதற்கு இரண்டரை லட்சம் முதல் ஐந்து லட்சம் மக்கள் ஒருங்கே வாழும் இடம் தேவை என்பர். கோவண்டி அடங்கிய நகராட்சியின் ‘எம்-கிழக்கு’ வார்டு ஒன்றில் மட்டும் 2011ஆம் ஆண்டுக் கணக்குப்படி எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். பழைய உலகில் ஒரு பேரரசின் தலைநகரம் தேவைப்பட்ட கிருமிக்கு இன்று ஒரு வார்டு போதும்.

ஆக, “பிராணியிலிருந்து வந்ததா?” என்று கேட்ட மூதாட்டி தவறாகக் கேட்கவில்லை, இரண்டாயிரம் ஆண்டு தாமதமாகக் கேட்டார்! ஆடு அல்ல, மாடு.

அந்தக் குலத்தில் மாட்டு நோயின் கதி என்னவாயிற்று என்பது நாம் பெருமைப்படத்தக்க வரலாறு. உழவனின் ஏர்மாட்டைக் கும்பல் கும்பலாகக் கொன்று, ஊர்களைப் பஞ்சத்தில் தள்ளிய நோய் அது. இமயமலைச் சாரலில் முக்தேஸ்வரிலிருந்த ஆராய்ச்சி நிலையத்தில் எட்வர்ட்ஸ் என்பார் 1920களில் அக்கிருமியை ஆட்டிலிருந்து ஆட்டுக்கு மாற்றி மாற்றிச் செலுத்தி, மாட்டுக்கு வீரியம் குறைந்த வகையொன்றை உண்டாக்கினார். அதுவே பின்னர் இந்தியாவெங்கும் மாடுகளுக்குப் பாதுகாப்பளித்த மருந்தாயிற்று. 1954ஆம் ஆண்டில் வெக்கை நோய் ஒழிப்புத் திட்டம் தேச அளவில் தொடங்கியது. நாற்பது ஆண்டு உழைப்புக்குப் பின் 1995ஆம் ஆண்டோடு நம் நாட்டில் அந்நோய் நின்றது. 2011ஆம் ஆண்டில் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்கு அடுத்தபடியாக மனிதன் அடியோடு ஒழித்த இரண்டாவது நோய் அதுவே. பூட்டைப் பற்றிய விஷயம் இங்கும் வருகிறது. மாடும் அதன் உறவினங்களும் தவிர அக்கிருமிக்குத் திறக்கக் கதவில்லை. ஆகவே மாடுகள் காக்கப்பட்டதும் அது ஒளிய இடமின்றி மாண்டது. மணல்வாரிக்கோ மனிதனைத் தவிர வேறு நிலையான புகலிடம் இல்லை. அதுவும் ஒழிக்கத்தக்க நோயே.

அரசூரில் எடுத்த ஆட்டுக்கொல்லிக் கிருமியையும் சும்மா விடவில்லை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் அதையே வீரியம் குறைத்து, ‘அரசூர் 87’ என்ற பெயரால் ஆடுகளுக்குத் தடுப்பு மருந்தாக்கினர். ஊர்ப் பெயரை நோய்க்குச் சூட்டி அவமதிப்பதே உலக வழக்கமாயிருக்க, மருந்துக்குச் சூட்டும் பேறு நம் சிற்றூர் ஒன்றுக்குக் கிடைத்தது.

ஆடு பற்றிய செய்தி இன்னொன்று உண்டு. இதை எழுதலாமா வேண்டாமா என்று சற்றுத் தயங்கினோம். 2018ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஆட்டுக்கொல்லிக் கிருமியின் முள்ளில் ஒரே ஓர் அமினோ அமிலத்தை மாற்றினால் அது மனித ஸ்லாமையும் பற்றிக்கொள்ளக்கூடும் என்று சோதனைச்சாலையில் கண்டனர். அத்தகைய மாற்றம் இயற்கையில் நிகழ்ந்து மனிதருக்கு நோய் உண்டானதாக எந்தச் செய்தியும் இல்லை. யாரும் அஞ்ச வேண்டுவதில்லை. மணல்வாரிக்கு எதிரான ஆற்றல் பெற்ற மனிதரின் இரத்த நீர், மாற்றப்பட்ட அந்த முள்ளையும் தடுத்தது என்பதையும் அவ்வாராய்ச்சியாளர்களே கண்டனர். அதாவது, பிள்ளைக்குப் போடும் மணல்வாரி ஊசி, ஆட்டுக் கிருமி என்றேனும் நம் பக்கம் திரும்பினால் அதையும் வாசலிலேயே நிறுத்தும் வாய்ப்பு உண்டு.

அந்த ஊசியைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். 1954ஆம் ஆண்டு அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்கு அருகில் மணல்வாரி கண்ட டேவிட் எட்மன்ஸ்டன் என்னும் பள்ளிச் சிறுவனின் இரத்தத்திலிருந்து எண்டர்ஸ், பீபிள்ஸ் என்ற இரு மருத்துவ விஞ்ஞானிகள் கிருமியைப் பிரித்தெடுத்தனர். அதைக் கோழிக்கரு அணுக்களில் திரும்பத் திரும்ப வளர்த்து வீரியம் குறைத்தனர். 1963ஆம் ஆண்டில் மருந்து வெளிவந்தது. இன்று நம் நாட்டில் போடப்படும் ஊசியிலும் அச்சிறுவனின் கிருமியின் வழிவந்ததே இருக்கிறது. இன்புளுயென்சாவுக்கு ஆண்டுதோறும் மருந்தை மாற்றுகின்றனர். மணல்வாரிக்கோ அறுபதாண்டுக்கு மேலாகியும் அதே மருந்து செல்லுபடியாகிறது. காரணம் என்ன? ஊசியால் உண்டாகும் எதிர்ப்புப் பொருள்களுள் முக்கியமானவை முள்ளின் நுனியில், ஸ்லாமைப் பற்றும் அதே இடத்தில் சென்று ஒட்டிக்கொள்கின்றன. அவற்றிடமிருந்து தப்ப வேண்டுமாயின் வைரஸ் தன் முள்ளின் நுனியை மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றிக்கொண்டால் சாவி பூட்டுக்குப் பொருந்தாது. மனிதனின் பூட்டுக்கென்று இவ்வளவு நுட்பமாகச் செதுக்கப்பட்டதே அக்கிருமிக்கு வினையாயிற்று.

மருந்து இவ்வளவு உறுதியானதாயின் கோவண்டியில் குழந்தைகள் ஏன் மாண்டனர்? மருந்து குப்பியில் இருந்தது. பிள்ளைகளின் உடலில் இல்லை. மணல்வாரியைத் தடுத்து நிறுத்த நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து குழந்தைகளுக்கேனும் இரண்டு முறை ஊசி போட்டிருக்க வேண்டும். கொரோனா முடக்கத்தின்போது 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் வழக்கமான ஊசிகள் பல இடங்களில் தடைப்பட்டன. மலட்டுத்தன்மை உண்டாகும், காய்ச்சல் வரும் என்ற வதந்திகள் வேறு. நம் தமிழ்நாட்டிலும் 2017ஆம் ஆண்டு பிப்ரவரியில் மணல்வாரி-ரூபெல்லா ஊசி இயக்கம் தொடங்கியபோது கைப்பேசி வழியாக இத்தகைய புரளிகள் பரவியதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இவற்றோடு, நம்மைப்போன்று ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்களுக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. பிரசவம் தாய்வீட்டில், முதல் ஊசி அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில், இரண்டாம் ஊசிக்குரிய மாதத்தில் குடும்பம் பம்பாயில். ஊரிலுள்ள நர்ஸின் பதிவேட்டில் பிள்ளை ‘வெளியூர்’. இங்குள்ள பதிவேட்டில் பிள்ளையே இல்லை. இரண்டு சர்க்கார்களின் ஏடுகளுக்கு இடையே குழந்தை விழுந்துவிடுகிறது.

இதற்கு யாரையும் குறை கூறிப் பயனில்லை. தெரிந்துகொள்ள வேண்டியவை சிலவே. முதல் ஊசி 9 மாதம் நிறைந்ததும். இரண்டாவது 16 முதல் 24 மாதத்துக்குள். தவறிவிட்டால் ஐந்து வயது வரை போட்டுக்கொள்ளலாம். ஊர்க் கார்டு தமிழில் இருந்தாலும் எந்த நகராட்சி மருந்தகத்திலும் இலவசமாகவே போடுவர். கார்டு தொலைந்து, போட்டோமா இல்லையா என்பதே நினைவில்லாவிடினும் மீண்டும் போடுவதால் தீங்கில்லை. வேப்பிலை கட்டுவதை நாம் பழிக்க மாட்டோம். அவ்வீட்டுக்குள் பிறர் நுழையாதிருக்க அது ஓர் அறிவிப்பாகவேனும் உதவுகிறது. ஆனால் அம்மை கண்ட குழந்தையை மருத்துவரிடம் காட்டலாகாது என்னும் வழக்கத்தை மட்டும் நம்மால் ஏற்க இயலாது. மூச்சு வாங்கும் குழந்தைக்கும், பால் குடிக்க மறுக்கும் குழந்தைக்கும் ஒரு மணி நேரத் தாமதமும் பெரிது.

அந்த மூதாட்டியிடம் பேரனின் கார்டு உண்டா என்று கேட்டோம். அரிசி டப்பாவுக்குள் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்ததை எடுத்துவந்து நீட்டினார். முதல் ஊசி 2021 டிசம்பரில் வேலூர் மாவட்டத்துச் சுகாதார நிலையம் ஒன்றில் போடப்பட்டிருந்தது. இரண்டாம் ஊசியின் கட்டம் காலியாக இருந்தது. ஏப்ரலில் இங்கு வந்துவிட்டதாகவும், யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை எனவும் கூறினார். அந்நாட்களில் சந்துகளிலேயே முகாம் போட்டு ஊசி போட்டுவந்தனர். மறுநாள் திங்கட்கிழமை, அவருடைய மருமகளுடன் நம் அன்பர் ஒருவரும் துணைக்குச் சென்றார். மராத்தி மட்டும் அறிந்த நர்ஸ் அம்மையார் தமிழ்க் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தேதியைக் கொண்டு கட்டத்தைக் கண்டுபிடித்துக் குறித்துக் கையெழுத்திட்டாராம். பிள்ளை சிறிது அழுதான். அவர்கள் வீடு திரும்புகையில், தேவனார்ப் பக்கம் ஆடு ஏற்றிச் சென்ற லாரி ஒன்று வழியை அடைத்துக்கொண்டு நின்றிருந்தது. அழுகையை நிறுத்திவிட்டுப் பிள்ளை ஆடுகளைப் பார்த்துக் கைகாட்டினான் என்று அன்பர் வந்து கூறினார்.